வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

ஒரு பொருளுக்கு விலை இரண்டு. விற்பவன் கையில் ஒருமுறை கொடுப்பது ஒன்று. அப்பொருள் தன் தன்மையில் கெடாது நிற்கும்பொருட்டு நாள்தோறும் கொடுத்து வருவது மற்றொன்று. மண்சட்டிக்கும் கோரைப்பாய்க்கும் இரண்டாம் விலை அற்பமாதலின் அதனை நாம் நினைப்பதில்லை. "யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வியோ முதல் விலையைப் பற்றியதன்று, தீனியைப் பற்றியது. யானையை ஒருவன் இனாமாகவே கொடுத்துவிட்டுப் போனாலும் அக்கேள்வி அப்படியே நிற்கும்.

இக்காலத்தில் நம்மவர் வாயிற்படியில் வந்து நிற்கும் யானை, பழைய சொகுசு மோட்டார் வண்டி. அது மலிவாக வருவதற்குக் காரணங்கள் உண்டு. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்திற்று. 2025-இல் அந்நீதிமன்றமே அக்கடுமையை ஓரளவு தளர்த்தியதெனினும், இடைப்பட்ட ஆண்டுகளில் தலைநகரத்துச் செல்வர் ஏறி இறங்கிய பெருவண்டிகள் பலவும் தெற்கே பெங்களூர் முதலிய ஊர்களுக்குச் சொற்ப விலையில் வந்து சேர்ந்தன. ஆணை இல்லாவிடினும் அவ்வண்டிகளின் விலை வீழவே செய்யும். முதல் உடைமையாளர் புதியது விரும்புவார். பழையதை விரும்புவோரிடம் பணம் இராது. 60 இலட்சத்திற்கு வாங்கிய வண்டி 6 இலட்சத்திற்கு விலை பேசப்படுகிறது என்று கொள்வோம். புதிய சிறு வண்டியின் விலையும் அதுவே. மாதச் சம்பளக்காரராகிய நம் அன்பர் ஒருவர், அதே பணத்திற்கு அரசர் ஊர்தி கிடைக்கும்பொழுது தகரப் பெட்டி எதற்கு என்று எண்ணுகிறார். அவ்வெண்ணத்தில் கணக்குப் பிழை ஒன்று மறைந்திருக்கிறது. விலை பத்தில் ஒன்றாகக் குறைந்ததேயன்றி வண்டி பத்தில் ஒன்றாகக் குறையவில்லை. அதன் ஒவ்வோர் உறுப்பும் 60 இலட்ச வண்டியின் உறுப்பாகவே இருக்கிறது. பழுதாகும்பொழுது அந்த விலையையே கேட்கிறது.

உதாரணமாக, 1998-இல் வெளிவந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகுப்பு வண்டியை எடுத்துக்கொள்வோம். சாதாரண வண்டிகளைத் தாங்கும் எஃகுச் சுருள்களுக்கு மாறாக, இரப்பர்ப் பைகளில் அடைத்த காற்று அதனைத் தாங்கி நிற்கிறது. மேடுபள்ளம் தெரியாத அந்த மெத்தென்ற ஓட்டம் இதனால் வருவது. ஆனால் இரப்பர் ஓடிய தூரத்தால் மட்டும் மூப்படைவதன்று, வயதினாலும் மூப்படைவது. பையில் மயிரிழைபோல் வெடிப்புக் கண்டவுடன் காற்றுக் கசியும்; காலையில் வந்து பார்த்தால் வண்டி முழங்கால் மடித்த எருதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும். கசிந்த காற்றை ஈடுசெய்ய அழுத்துப்பொறி ஓயாமல் உழைத்து, பின்னர் அதுவும் எரிந்துபோகும். ஒரு பையின் பழுதைத் தள்ளிப் போட்டவர் பைக்கும் பொறிக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். அவ்வண்டியின் ஆறு உருளை எஞ்சினில் உருளைக்கு இரண்டாகப் பன்னிரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உள்ளன. எண்ணெய் மாற்றினால் ஏறத்தாழ 8 லிட்டர் பிடிக்கும். சிறு வண்டிக்கு 3 லிட்டர் போதும். நெரிசலான நகரத்தில் லிட்டர் பெட்ரோலுக்கு 5, 6 கிலோமீட்டர் ஓடினால் அதுவே பெரிது.

அதன் தானியங்கிக் கியர் பெட்டியில் ஊற்றிய எண்ணெயை வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டுவதில்லை என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் மாற்றுவதே நன்றெனக் கூறப்பட்டது. வாழ்நாள் என்றால் எவருடைய வாழ்நாள் என்பதை முதல் உடைமையாளர் கேட்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அதற்கு விடை கொடுப்பவர் மூன்றாவது, நான்காவது உடைமையாளரே.

நிறுத்தியே வைத்தால் செலவில்லை என்பாரும் உளர். நின்ற வண்டியிலும் டயர் இறுகும், பாட்டரி வடியும், பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

அரசாங்கத்திற்குச் செலுத்த வேண்டியவை வேறு. பிற மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்திற்கு மேல் வைத்திருப்பவர் தாம் வாழும் மாநிலத்தில் புதிய பதிவெண் பெற வேண்டும். சாலை வரியும் கட்ட வேண்டும். பிறர்க்கு நேரும் தீங்கிற்கான கட்டாயக் காப்பீட்டின் கட்டணம் 2022-இல் 1000 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினுக்கு 2,094 ரூபாயும், 1500 சி.சி.க்கு மேற்பட்டதற்கு 7,897 ரூபாயுமாக நிர்ணயிக்கப்பட்டது. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் அதே ஆண்டில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. வெளிநாட்டிலிருந்து முழு வண்டியாக இறக்குமதி செய்யப்பட்டதாயின் 40,000 ரூபாய். 20 ஆண்டு கடந்தவற்றிற்கு 2025-இல் அது மேலும் உயர்த்தப்பட்டது.

ஈண்டு மிலிந்த மன்னனுக்கு நாகசேன தேரர் சொல்லிய தேர் உவமை நினைவிற்கு வருகின்றது. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாக வினவி, இவற்றுள் எதுவும் தேரன்று, இவற்றின் கூட்டத்திற்கு வழங்கும் பெயரே தேர் என்று தேரர் விளக்கினார். அவர் ஆன்மாவைக் குறித்துப் பேசினார்; நாம் மோட்டாரைக் குறித்துப் பேசுகிறோம். எனினும் உவமை பொருந்தியே இருக்கிறது. நம் அன்பர் வாங்கியது பெயரை, மூக்கின்மேல் நிற்கும் மூன்று முனை நட்சத்திரத்தை. அவர் காக்க வேண்டியதோ உறுப்புகளின் கூட்டத்தை. பெயர் தேய்வதில்லை, உறுப்பு தேய்கிறது. பெங்களூர் ஜே.சி. ரோட்டிலும் தில்லி காஷ்மீரி கேட்டிலும் உதிரிப் பாகங்களுக்காகக் கடை கடையாய் ஏறி இறங்குகின்றபொழுது இவ்வுண்மை அவருக்கு எந்தப் பிரசங்கமும் இன்றி விளங்கும்.

நிற்க. கணக்குத் தெரியாமலா நம்மவர் இவ்வண்டியை வாங்குகின்றனர்? பலர் தெரிந்தே வாங்குகின்றனர். இதை வெறும் ஆடம்பரம் என்று இகழ்ந்துவிட்டுப் போவது எளிது, நியாயமன்று. ஊர்தி என்பது நமக்கு ஒருபொழுதும் வெறும் ஊர்தியாய் இருந்ததில்லை. 1901-இல் சிறுவராயிருந்த பாபாசாகேப் அம்பேத்கர் தம் உடன்பிறந்தாரோடு தந்தையைக் காணச் சென்றபொழுது, தீட்டுக்கு அஞ்சிய வண்டிக்காரன் இரட்டிப்பு வாடகை பெற்றும் வண்டியில் ஏறாது உடன் நடந்தான். பிள்ளைகளே மாட்டை ஓட்டினர். 1929-இல் அவர் பாரிஸ்டராக, அரசாங்கக் குழுவின் உறுப்பினராக இருந்த காலத்திலும் சாலிஸ்காம் ஊரில் குதிரைவண்டிக்காரன் எவனும் அவருக்கு வண்டியோட்ட இசையவில்லை. அவ்வூர் மகர் மக்கள், தங்கள் விருந்தினர் நடந்து வருவது தங்கள் கௌரவத்திற்கு இழுக்கென்று கருதினர். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, வண்டியோட்டி அறியாத தம்முள் ஒருவரைக் கடிவாளம் பிடிக்கச் செய்தனர். போகும் வழியில் ஒரு மோட்டார் வண்டியோடு மோதுவது மயிரிழையில் தப்பியது. பின்னர் ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் சிக்க, அவர் கற்றளத்தில் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிந்தார். குதிரையும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன.

இந்நிகழ்ச்சியைப் பாபாசாகேப் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதியிருக்கும் முறை கவனிக்கத்தக்கது. வண்டியோட்ட மறுத்தவனின் இழிவை அவர் மறைக்கவில்லை. எவ்வளவு படித்த தீண்டப்படாதவனினும் தன்னை உயர்ந்தவனாக எண்ணிக்கொள்ளும் அச்சமூகக் கொடுமையை எடுத்துக் காட்டுகிறார். ஆனால் அதனோடு, தம் மக்கள் அன்பினால் செய்த பிழையையும் அவர் விடவில்லை: தம் கௌரவத்தைக் காக்கப்போய் அவர்கள் தம் உயிரையே இடருக்குள்ளாக்கினர் என்கிறார்.

தமிழில் மானம் என்பது உயர்ந்த சொல். பாலி மொழியில் மானம் என்பது அறுக்க வேண்டிய தளைகளுள் ஒன்று. நான் அவனினும் மேல், அவனுக்குச் சமம், அவனினும் கீழ் என்று ஓயாமல் தன்னைப் பிறரோடு வைத்து அளந்துகொண்டிருக்கும் மனநிலை அது. எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. பிறர் மறுத்த இருக்கையில் அமர நமக்கு உரிமை உண்டென்பது தமிழ் மானம். அதனை எவரும் குறைகூற இயலாது. பக்கத்து வீட்டுக்காரன் எந்த வண்டியைக் காண்கிறான் என்பதைப் பொறுத்தது பாலி மானம். முதலாவதற்கு ஆகும் செலவை ஒருவர் ஒருமுறை கொடுத்துத் தீர்க்கலாம். இரண்டாவதற்குத் தீனி போட்டு முடிவதில்லை. ஏனெனில் அளப்பவர் கண்கள் நாளையும் வரும், நாளைக்கு வேறு வண்டியும் வரும்.

நம்மை வருத்த வேண்டிய வினா வேறொன்று: இத்தீனியை யார் கொடுக்கிறார்கள்? வண்டியை வாங்கியவர் மட்டும் கொடுப்பாராயின் அது அவர் பாடு. மாதச் சம்பளத்தில் அடங்காத பட்டறைக் கணக்கு மனைவியின் வளையலில் அடங்குகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்தில் அடங்குகிறது. அவர்களைக் கேட்டா வண்டி வாங்கினார்? இதற்கும் மேலாக ஒன்று உண்டு. கையில் பணம் முடைப்படும்பொழுது, கண்ணுக்குத் தெரியும் பழுதை முதலில் பார்த்துவிட்டுத் தெரியாததைத் தள்ளிப் போடுவது மனித இயல்பு. கதவின் கீறலுக்கு வர்ணம் பூசப்படும். பிரேக் கட்டைகள் அடுத்த மாதம் ஆகட்டும் என்று விடப்படும். ஏறத்தாழ இரண்டு டன் எடையுள்ள வண்டி தேய்ந்த பிரேக்கோடும் வெடித்த டயரோடும் தெருவில் ஓடுமாயின், அதன் பராமரிப்பைக் கொடுப்பவர் உடைமையாளரல்லர். நடைபாதையின்றித் தெருவோரம் நடக்கும் கூலிக்காரர். அவர் அவ்வண்டியில் ஒருநாளும் ஏறியவரல்லர். உயிர்க்கொலை தவிர்க்கச் சீலம் மேற்கொண்டவர் எறும்பை மிதியாமல் நடந்து, பிரேக்கைத் தேய விடுவது என்ன சீலமோ நாமறியோம்.

அப்படியாயின் ஏழை ஏழையாகவே சிறுவண்டியில் போகட்டும் என்பதா உங்கள் உபதேசம் என்று கேட்பர். அன்று. இல்லறத்தார்க்குப் பகவன் துறவை விதிக்கவில்லை. சிங்காலனுக்கு உரைத்த அறவுரையில் வருவாயை நான்கு கூறாக்கி, ஒன்றை அனுபவிக்கவும் இரண்டைத் தொழிலில் இடவும் நான்காவதை ஆபத்துக் காலத்திற்கு வைக்கவும் சொன்னார். அனுபவம் என்னும் கூறு அங்கே வெட்கமின்றி முதலில் நிற்கிறது. அக்கூற்றில் பெட்ரோலும் பட்டறையும் வரியும் அடங்குமாயின் வாங்குக, ஒருவருக்கும் தடையில்லை. அது நான்காவது கூற்றில் கைவைக்கத் தொடங்கும் நாளிலேதான் வண்டி உடைமை என்னும் நிலையிலிருந்து ஆபத்து என்னும் நிலைக்கு மாறுகிறது. ஆகவே, வாங்குமுன் கையிலுள்ள தொகையில் பாதிக்கே வண்டி பார்த்து, மற்றப் பாதியை முதலாண்டுப் பழுதுக்கென்று ஒதுக்குவதே அறிந்தோர் வழக்கம். அங்ஙனம் ஒதுக்க மனம் வராதவர் வாங்க வேண்டாம்.

பழையதைப் பேணுதல் தன்னளவில் இழிவன்று, பெருமையே. உதேன மன்னன் ஆனந்தரை நோக்கி, இத்தனை சீவரங்களை என் செய்வீர் என்று வினவியபொழுது, பழையன விரிப்பாகும், விரிப்பு பழையதானால் தரைத்துணியாகும், பின்னர் துடைப்பாகும், இறுதியில் மண்ணோடு பிசைந்து பூசப்படும் என்று அவர் விடையளித்தார். தம் கையாலேயே பொறியைப் பிரித்துப் பூட்ட அறிந்த நம் தொழிலாளர் சிலர், பிறர் எறிந்த வண்டியை ஆண்டுக்கணக்கில் செம்மையாக ஓட்டி வருவதுண்டு. அவர்களுக்கு அது யானையன்று, வளர்ப்பு மாடு. மேலே கூறியவை அவர்களைக் குறித்தனவல்ல.

இறுதியாக, ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவரைப் பற்றி. அவருக்குத் தெரிந்த வழி விற்றுவிடுவதே. ஆனால் அவ்வண்டியை வாங்க வருபவர் செல்வராயிரார். தம்மைப் போன்ற மற்றொரு சம்பளக்காரராகவே இருப்பார். பழுதுகாட்டும் விளக்கைக் கருவி வைத்து அணைத்துவிட்டு, சாய்ந்த பக்கத்தில் காற்றேற்றி நிமிர்த்தி நிறுத்தி, "ஒரு குறையுமில்லை, குடும்ப வண்டி" என்று சொல்லிக் கைமாற்றுவது சந்தை வழக்கம். அது பொய், களவும் ஆகும். பட்டறைப் பில்கள் அத்தனையையும் ஒன்றாய்க் கட்டிச் சாவியோடு வைத்து, எது மாற்றப்பட்டது, எது மாற்றப்படவில்லை, பிரேக் எந்நிலையில் உள்ளது என்று வாய்திறந்து சொல்லி, வருகிற விலையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அவ்விலைக்கும் ஆளில்லையாயின், 2021-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி பதிவுபெற்ற வண்டி உடைப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே ஒப்படைத்தால் இரும்பின் எடைக்கு ஏற்ற தொகையும் ஒரு சான்றிதழும் தருவார்கள். வேறு சிறு வண்டி பதியும்பொழுது அச்சான்றிதழுக்குப் பல மாநிலங்கள் வரியில் சலுகை அளிக்கின்றன.