பறவையின் ‘வேண்டாம்’

2024 ஏப்ரல். நாடாளுமன்றத் தேர்தல் பிரச்சாரம் சூடாக இருந்த நேரம். கடலூர் தொகுதியின் பாமக வேட்பாளரான இயக்குநர் தங்கர் பச்சான், ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் ஒரு கிளி ஜோசியர் முன்னால் உட்கார்ந்தார். கிளி கூண்டிலிருந்து வெளியே வந்து சீட்டெடுத்தது. வெற்றி உங்களுக்குத்தான் என்றார் ஜோசியர். காணொளி பரவியது. பின்னாலேயே வனத்துறை வந்தது. கிளிகளைக் கூண்டில் வைத்திருந்ததற்காக ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு விடுவித்தார்கள். கிளிகள் பறிமுதல்.

பழிவாங்கல் என்றது ஒரு தரப்பு. சட்டம் தன் கடமையைச் செய்தது என்றது இன்னொரு தரப்பு. சட்டத்தைப் பொறுத்தவரை குழப்பமே கிடையாது. பச்சைக்கிளி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஜூனில் முடிவு வந்தது, தங்கர் பச்சான் தோற்றார். கிளியை வைத்துக் கொஞ்ச நாள் மீம்ஸ் ஓடியது. அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம்.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி தங்கிவிட்டது. கிளி ஜோசியத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அந்த அசைவு தெரியும். கூண்டின் கதவு திறக்கும், கிளி நடந்து வெளியே வரும், அலகால் ஒரு சீட்டைத் தள்ளும், ஒரு நெல்லை வாங்கிக்கொள்ளும், திரும்பி நடந்து கூண்டுக்குள் போய்விடும். கதவு அப்போதும் திறந்துதான் இருக்கும். பெரும்பாலும் இறகை வெட்டியிருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அது தப்பிக்கப் பார்த்துத் தோற்பதுபோலவும் தெரியாது. ஜோசியரின் விரலுக்கு அது பயப்படுவதில்லை. சுற்றி நிற்கும் நமக்குத்தான் பயப்படுகிறது.

அந்தக் கிளி ஜோசியரை நம்புகிறதா? நம்புகிறது என்றால், அந்த நம்பிக்கை ஜோசியருக்குச் சாதகமான சாட்சியா?

*

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வந்ததில்லை. அப்போது நான் ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாடு போகிற ஒரு குடும்பம், கொடுக்க இடமில்லாமல் ஒரு காக்டெயில் பறவையை எங்களிடம் விட்டுப் போயிருந்தது. (பேரைக் கேட்டதும் அப்பா முகம் சுளித்தார். அம்மா அதற்குச் சாம்பல் என்று பெயர் வைத்துவிட்டார்.) ஆஸ்திரேலியாவின் பறவை அது. நம் காட்டுப் பறவைகளுக்கான அட்டவணையில் வராது, வளர்க்கலாம். அந்த வீட்டில் பிள்ளைகள் அதைத் துரத்தித் துரத்திப் பிடித்திருக்கிறார்கள். கை என்ற ஒன்றைப் பார்த்தாலே கொண்டையைத் தலையோடு அழுத்திக்கொண்டு பாம்புபோலச் சீறும். ராத்திரி வண்டி வெளிச்சம் சுவரில் ஓடினால்கூடக் கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். இந்த இனத்துக்கே இருட்டில் அப்படி மிரளும் சுபாவம் உண்டு. ஒரு சின்ன விடிவிளக்கு போட்டு வைத்தால் அடங்கும்.

பயந்த பறவையைப் பழக்குவதற்கு இரண்டு வழி சொல்வார்கள். முதல் வழி வேகமானது. துண்டைப் போட்டுப் பிடித்து, திமிரத் திமிர அடங்கும்வரை கையிலேயே வைத்திருப்பது. சில நாளில் திமிராது. ‘பழகிடுச்சு’ என்பார்கள்.

பறவைக்கு நமக்கிருப்பதுபோல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கழுத்தை நெரிக்கவே வேண்டாம், மூச்சு நின்றுவிடும். மூச்சு நிற்காமல் பார்த்துப் பிடித்தாலும், அடங்குதல் என்பது என்ன? 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த கொடூரமான சோதனை ஒன்று இருக்கிறது. என்ன செய்தாலும் மின்னதிர்ச்சி நிற்காது என்ற நிலையில் வைக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு எளிதாகத் தப்பிக்க வழி இருந்தபோதும் அப்படியே படுத்துக்கிடந்தன. கற்றுக்கொண்ட கையறுநிலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுமார் 50 ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் தங்கள் கோட்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப்போவது கற்றுக்கொண்ட ஒன்றல்ல, உயிரின் இயல்பான எதிர்வினையே அதுதான். உயிர் கற்றுக்கொள்ள வேண்டியது வேறொன்று: தன் செய்கையால் எதையாவது மாற்ற முடியும் என்பது.

இரண்டாவது வழி அதைக் கற்றுக்கொடுக்கும் வழி. பறவைப் பயிற்சியாளர்கள் பலர் பின்பற்றும் நடத்தையியல் அறிஞர் சூசன் ஃப்ரீட்மன் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதுதான்: தனக்கு நடப்பவற்றின்மீது விலங்குக்கு ஒரு பிடி இருக்க வேண்டும். நடைமுறையில் இது அலுப்பூட்டும் வேலை. கூடத்தின் அந்தக் கோடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். தினமும் ஒரு தரைக்கல் அளவு கிட்டே போவேன். இரண்டு கண்ணாலும் நேராகப் பார்க்கக் கூடாது, வேட்டையாடும் விலங்குகள்தான் அப்படிப் பார்க்கும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, பறவை ஒல்லியானதுபோலத் தெரிந்தால் அது பயம். அந்த நொடியே பின்வாங்க வேண்டும், சீறும்வரை காத்திருக்கக் கூடாது. இறகைத் தளர்த்தினால், கோதிக்கொண்டால், ஒற்றைக் காலில் நின்றால் அங்கேயே உட்காரலாம்.

“ஏண்டா, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தள்ளித் தள்ளி உக்காந்திருக்க” என்பார் அம்மா.

விருத்தாசலத்தில் வாங்கின ஒரு சின்னப் பீங்கான் கிண்ணத்தில் தினை வைப்பேன். வைத்துவிட்டுத் தள்ளி வருவேன். ஏழாவது வாரத்தில், நான் கிண்ணத்தில் கை வைத்திருந்தபோதே வந்து தின்றது.

தினை ஆசையில்தான் வந்தது என்று அப்போது தோன்றும். ஆனால் தினை முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. ஏழு வாரத்தில் மாறியது வேறு. அது ‘வேண்டாம்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் கை பின்னால் போனது. இவனிடம் ‘வேண்டாம்’ செல்லுபடியாகும் என்று தெரிந்த பிறகுதான் அது ‘சரி’ என்றது. மறுக்க முடியாத இடத்தில் வரும் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று மனிதர்கள் விஷயத்தில் நமக்குத் தெரியும். பறவை விஷயத்திலும் கணக்கு அதேதான்.

*

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் ஒரு சங்கடம் பாக்கி இருக்கிறது. நான் செய்த எல்லாவற்றையும் ஒரு வேடனும் செய்யலாம். பொறுமை, தினை, தூரம், பின்வாங்கல். கண்ணி வைக்கிறவனும் தினையைத்தான் தூவுகிறான். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1912இல் எழுதிய ‘தத்துவத்தின் பிரச்சினைகள்’ நூலில் ஒரு கோழி வரும். தினமும் தீனி போட்ட கை ஒருநாள் அதன் கழுத்தைத் திருகும். ரஸ்ஸல் அதை அனுபவத்திலிருந்து பொதுவிதி காண்பதன் அபாயத்தைச் சொல்லப் பயன்படுத்தினார். நான் கோழியின் பக்கமிருந்து படிக்கிறேன். கடைசி நாள் காலைவரை அந்தக் கோழியின் நம்பிக்கையில் ஒரு குறையும் இல்லை.

என் தொழிலில் இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. கணினிப் பாதுகாப்பு பற்றி ராஸ் ஆண்டர்சன் எழுதிய பாடநூலில் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்: நம்பப்பட்டது, நம்பத்தகுந்தது. எது தவறினால் உங்கள் பாதுகாப்பு உடையுமோ அது நம்பப்பட்டது. எது தவறாதோ அது நம்பத்தகுந்தது. இரண்டும் ஒன்றில்லை. காலேஜில் இதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது வார்த்தை விளையாட்டு மாதிரி இருந்தது. சாம்பல் என் கைப்பக்கம் வந்த அன்று அர்த்தம் புரிந்தது. அதன் நம்பிக்கை எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ் இல்லை. இனி என்னால் அதை எளிதாகக் கொல்ல முடியும், அவ்வளவுதான் அதன் பொருள்.

அப்படியானால் நம்பத்தகுந்தவனாவது எங்கே நடக்கிறது? பெரும்பாலும் பறவையின் கண்ணுக்குப் படாத இடத்தில். நான்ஸ்டிக் தோசைக்கல் அதிகமாகச் சூடேறினால் வரும் புகை மனிதருக்குத் தெரியாத அளவிலேயே பறவையைக் கொன்றுவிடும். அம்மா அந்தக் கல்லைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு இரும்புக் கல்லுக்கு மாறினார். சாம்பலுக்கு இது தெரியாது. இந்தப் பறவை 15, 20 வருஷம் வாழும். பெங்களூரு அலுவலகம் திரும்பக் கூப்பிட்டால் யார் பார்ப்பது, வயதான காலத்தில் அம்மாவால் முடியுமா, பறவைக்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சாம்பலுக்கு அதுவும் தெரியாது.

ஆனெட் பையர் என்ற தத்துவ அறிஞர் 1986இல் நம்பிக்கை பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். தத்துவவாதிகள் சமமானவர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தைப் பற்றியே யோசித்தார்கள், தாயை நம்பும் குழந்தையை மறந்தார்கள் என்பது அவர் புகார். ஒரு நம்பிக்கை யோக்கியமானதா என்று பார்க்க அவர் ஒரு சோதனை சொல்கிறார். நீ எதை எதிர்பார்த்து இந்த உறவை நம்பி இருக்கிறாய் என்பது மற்றவருக்கு முழுதாகத் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகும் இந்த நம்பிக்கை நிற்குமா? நின்றால் சரி. ரஸ்ஸலின் கோழிப்பண்ணை இதில் தோற்கும். கிளி ஜோசியமும் தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஜோசியர் தன் கிளியை அன்பாகவே வைத்திருக்கலாம், அவர் வயிறும் அதை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் வானம், கூட்டம், துணை எல்லாம் தனக்கு உரியவை என்றும், தன் இறகு எதற்காக வெட்டப்பட்டது என்றும் கிளிக்குப் புரிந்தால், அது அந்த ஒரு நெல்லுக்காகத் திரும்ப நடக்காது. சாம்பல் விஷயத்தில் பதில் இத்தனை சுலபமில்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த, நம் ஊர் வெளியில் பிழைக்க வழியில்லாத பறவை அது. அதற்கு என்னைவிட நல்ல வழி இருந்து நான் மறைக்கவில்லை. அதை மட்டும் சொல்ல முடிகிறது.

*

போன வருஷம் பங்குனியில், தெருக்கோடியில் நின்ற மொட்டைப்பனை காற்றில் சாய்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்தான். இறகு பாதி முளைத்த பச்சைக்கிளிக் குஞ்சு. “அண்ணா, உங்களுக்குத்தான் பழக்கத் தெரியுமே.”

தெரியும்தான். அந்த வயதில் ஏழு வாரம்கூட வேண்டாம், நான்கு நாள் கையால் ஊட்டினால் போதும். அவன் அம்மாவும் வந்தார். “பேச வெச்சுடலாம் தம்பி, என் பேரச் சொல்ல வைங்க.”

அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, துணி விரித்து, உள்ளே வைத்து மேலே மூடினோம். பையன் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வந்தான். திறக்காதே, பேசாதே, தொடாதே என்றேன். வனத்துறைக்குச் சொல்லியாயிற்று, அவர்கள் வரும்வரை அது இருட்டில் தனியாகக் கத்திக்கொண்டு இருந்தது. அவனுக்கு நான் கல்நெஞ்சக்காரனாகத் தெரிந்திருப்பேன். “பயப்படுதுண்ணா, பாவம்” என்றான்.

“பயப்படட்டும்டா. அது கிட்ட இருக்கிற ஒரே சொத்து அதுதான்.”

காட்டுக்குத் திரும்ப வேண்டிய குஞ்சுக்கு மனிதக் கையின்மேல் வரும் அன்பு ஒரு ஊனம். நாளை அது கண்ணி வைக்கிறவனின் தோளிலும் போய் உட்காரும். அதனால்தான் மீட்பு மையங்களில் அனுபவமுள்ளவர்கள் குஞ்சுக்கு ஊட்டும்போது முகத்தை மறைப்பார்கள், பேச மாட்டார்கள், பெயர் வைக்க மாட்டார்கள். நம் முன்னோருக்கும் கிளியோடு இருந்த உறவு கொஞ்சல் மட்டுமே இல்லை. தினைப்புனத்தில் பரண் கட்டி, கவண் எடுத்து, ஆலோலம் பாடி விரட்டினார்கள். குறிஞ்சிப் பெண்ணின் வேலையே அதுதான். பயிர் அவளுடையது, வானம் கிளியுடையது, நடுவில் ஒரு பயம். அந்தப் பயத்தில் இரண்டு பேருக்கும் மரியாதை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆக, பயந்த பறவையின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்க வேண்டியிருக்கிறது. பெறலாமா? அதன் ஆயுள் முழுக்க அதன் பக்கத்தில் இருக்கப் போகிறோம், அதற்கு வேறு போக்கிடம் இல்லை என்றால் பெறலாம். அப்போது அது கடன், தவணை 20 வருஷம். அதற்கு வேறு இடம் உண்டென்றால் அதன் பயத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் நாம் செய்யக்கூடிய நல்லது, நம்மேல் அதற்குப் பிரியம் வராமலே போனாலும்.

கடலூரில் பறிமுதலான கிளிகளைப் பற்றி யோசிக்கும்போது இந்த இரண்டு விடையும் போதவில்லை. கூண்டில் வைத்தது குற்றம், சட்டம் சொன்னது சரி. ஆனால் பறிமுதல் செய்த அன்று அவற்றை அவை நம்பிய ஒரே கையிலிருந்து எடுத்து, பயப்படும் கைகளில் கொடுத்தோம். வருஷக்கணக்கில் மனிதனை நம்பப் பழகிய பறவைக்கு வானத்தைத் திறந்துவிடுவதால் மட்டும் பயம் திரும்ப வராது, பறக்கும் பலமும் வராது. வெட்டிய இறகு உதிர்ந்து புதிது முளைக்கவே மாதக்கணக்காகும். கூட்டத்தோடு சேர, இரை தேட, மனிதனைக் கண்டால் விலக யாராவது பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், நான் உட்கார்ந்த அதே தரைக்கல் வேலையைத்தான் அவரும் செய்வார். திசை மட்டும் எதிர். தினமும் ஒரு கல் தள்ளி உட்கார வேண்டும்.