விழித்திரைக்கு வலி தெரியாது

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரைக்கான வரிசை. ஒரு பாட்டியின் மஞ்சள் பைக்குள் நோட்டும் தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளும். “கண்ணைக் காட்டினீங்களா பாட்டி?” என்று செவிலியர் கேட்கிறார். “கண்ணு நல்லாத்தான் தெரியுது தாயி, அரிசியில கல்லுகூடப் பொறுக்குறேன்” என்கிறார் பாட்டி. அவர் சொல்வது உண்மைதான். என் பயமும் அதனால்தான்.

*

ரத்தத்தில் ஏறிய சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய குழாய்களை வருடக்கணக்கில் நலிய வைக்கிறது. அவை புடைக்கின்றன, கசிகின்றன, சில அடைபடுகின்றன. ரத்தம் எட்டாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைபவை. உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும் நாள்வரை பார்வை தெளிவாகவே இருக்கலாம். விழித்திரை வலிப்பதும் இல்லை. வலித்தால் வைத்தியம் என்று பழகிவிட்ட நமக்கு இது பெரிய சோதனை.

*

சர்க்கரை வந்து எத்தனை வருடம் என்பதுதான் முதல் கணக்கு. அது கட்டுக்குள் இருக்கிறதா என்பது அடுத்தது. ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு, ரத்தசோகை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். கிராமத்தில் முதல் கணக்கே பலருக்குத் தெரியாது. காலில் பட்ட காயம் ஆறாதபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரியவருகிறது. அதற்குள் உடம்பில் அது எத்தனை வருடம் இருந்ததோ! அதனால்தான், பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை என்று தெரிந்த உடனேயே கண்ணையும் பார்க்கச் சொல்கிறார்கள்.

*

விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், பஸ்ஸின் பெயர்ப்பலகை மங்கும். துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக, இரண்டு பேரின் கூலி போகிறது. “வரமாட்டேன் என்கிறார்கள்” என்று குறைப்படும்போது இந்தக் கணக்கையும் நினைக்க வேண்டும்.

*

“வயசானா மங்கத்தானே செய்யும்” என்று கண்புரையையும் சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பையும் ஒன்றாக எண்ணிக் காத்திருப்பவர்கள் உண்டு. புரையை எடுத்து லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் பார்வை திரும்பும். விழித்திரை அப்படியல்ல. லேசரும் கண் ஊசியும் பெரும்பாலும் இருப்பதைக் காக்கத்தான்; சிலருக்கு ஓரளவு மீட்டும் தரும். போனது முழுதாகத் திரும்புவது அரிது.

*

1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று சிற்றூர்களில் பார்வை மையங்கள் நடத்துகிறது. விழித்திரையை அங்கேயே படமெடுத்து, தொலைவிலிருக்கும் மருத்துவரிடம் கருத்துக் கேட்க முடிகிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. விழித்திரைப் படமும் அதேபோல ஊர்தோறும் வரவேண்டும்.

*

உங்கள் வீட்டில் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், “கண்ணு தெரியுதா?” என்று கேட்டு விட்டுவிடாதீர்கள். “விழித்திரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?” என்று கேளுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் கூடவே போய் வாருங்கள்.