அந்த நாலாயிரத்தை யார் தருவது?

எங்கள் கல்லூரியின் பெண்கள் விடுதியில் மூன்று ஆண்டுகள் துணைக் காப்பாளராக இருந்தேன். மாலை 6.30 மணிக்கு வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வெளியே இருக்க வேண்டுமானால் என் கையெழுத்து வேண்டும். ஒருநாள் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் மாலை 5 மணி முதல் 9 மணி வரை வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 4,000 ரூபாய்.

“ஒன்பது மணிக்கு அந்தப் பக்கம் எப்படியிருக்கும்னு தெரியுமில்ல? வேணாம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றேன்.

எங்கள் துறையில் ஆசிரியர்களை அம்மா, ஐயா என்று அழைப்பதுதான் வழக்கம். அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டாள்: “அப்ப அந்த நாலாயிரத்த நீங்க குடுப்பீங்களாம்மா?”

துடுக்காகக் கேட்கவில்லை. உணவுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அன்றிரவு வீட்டில், பொறுப்பாக நடந்துகொண்டதாகப் பெருமையோடு சொன்னேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு கருத்தரங்கக் கட்டுரைக்காக, வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது அம்பேத்கர் ஆற்றிய உரைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1944 பிப்ரவரியில் மத்திய சட்டமன்றத்தில் நடந்த ஒரு விவாதம் அதில் இருந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்ய இருந்த தடையை அரசு விலக்கியது சரியா என்பது கேள்வி. படிக்கப் படிக்க அந்த மாணவியின் குரல் திரும்பவந்தது. நான் ஒரு பெண்ணிடம் செய்ததை, ஓர் அரசு ஆயிரக்கணக்கான பெண்களிடம் செய்திருந்தது.

ராணிகஞ்ச், ஜரியா நிலக்கரி வயல்களில் பெண்கள் பின்னாளில் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். தொழில் வளர்ந்த காலத்திலேயே அவர்கள் இருந்தார்கள். சந்தால், பௌரி போன்ற ஆதிவாசி, தலித் சமூகங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆண் கரியை வெட்டுவான். பெண் அதைக் கூடையில் அள்ளிச் சுமந்து தொட்டிவண்டியில் கொட்டுவாள். அவளைக் ‘காமின்’ என்றார்கள். நிரம்பிய தொட்டிகளை எண்ணித்தான் கூலி. வெட்டியவனுக்கு எவ்வளவு, சுமந்தவளுக்கு எவ்வளவு என்ற கணக்குப் பெரும்பாலும் கிடையாது. கூலி குடும்பத்துக்கு என்று பெயர், வாங்குகிற கை ஆணுடையது. 1920களின் தொடக்கத்தில் இந்திய நிலக்கரித் தொழிலாளர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண்.

1929இல் விதிமுறை வந்தது. நிலத்தடியில் பெண்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் குறைத்துப் பத்தாண்டுகளில் இல்லாமலாக்க வேண்டும் என்றது. 1935இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இதற்கென ஓர் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அவகாசம் முடியும் முன்பே, 1937இல், இந்தியாவில் தடை முழுமையானது.

இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தில் இருந்தது. அங்கே 1838இல் ஹஸ்கர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் சிறுமிகள். பின்னர் அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் அறிக்கையில், இடுப்பில் சங்கிலி கட்டிக் கரிவண்டி இழுக்கும் பெண்களின் படங்கள் வெளியாயின. கனவான்களை அதிரவைத்தது சங்கிலி மட்டுமன்று. பெண்கள் அரைகுறை ஆடையோடு ஆண்கள் நடுவே வேலை செய்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது. 1842 சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடியிலிருந்து வெளியேற்றியது. இழந்த கூலிக்கு ஈடு எதுவும் இல்லை. சிலர் திருட்டுத்தனமாகச் சுரங்கத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் மேலே நின்று கரியில் கல் பொறுக்கினார்கள். 1887இல் அந்த வேலையையும் பறிக்கப் பேச்சு எழுந்தபோது, விகன் பகுதிப் பெண்கள் தங்கள் வேலை உடையிலேயே லண்டனுக்குப் போய் எதிர்த்தார்கள். எங்களைக் காப்பாற்ற வேண்டாம், வேலையை விட்டுவையுங்கள் என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம்.

நம் காமின்களுக்கு என்ன ஆயிற்று? நிலத்தடியிலிருந்து மேலே வந்தவர்கள் எல்லோருக்கும் மேலே வேலை இல்லை. வெட்டிய கரியை இனி ஆணே சுமக்க வேண்டும், அல்லது கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். இரண்டிலும் தொட்டிகளின் எண்ணிக்கையோ கையில் நிற்கும் காசோ குறைந்தது. வீட்டின் வருமானம் சுருங்கியது. அதற்காக முதலாளி கூலியை உயர்த்தவுமில்லை, அரசு உதவித்தொகை தரவுமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு வேலை ஆபத்தானது என்று தெரிந்தால் செய்யக்கூடியவை மூன்று. ஆபத்தைக் குறைக்கலாம்: கூரைக்கு முட்டுக் கொடுப்பது, காற்றோட்டம், விளக்கு, தண்ணீர் வெளியேற்றம். இதன் செலவு முதலாளியுடையது. வேலையிலிருந்து விலகுபவருக்கு வாழ வழி செய்யலாம். இதன் செலவு அரசுடையது. மூன்றாவது வழி, நீ இறங்காதே என்று தடுப்பது. இதன் முழுச் செலவும் தடுக்கப்பட்டவளுடையது. மூன்றில் முதலாளிக்கும் அரசுக்கும் மலிவானது இதுதான். அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், பாதுகாப்பு என்று பெயரும் வைத்தார்கள்.

பிறகு போர் வந்தது. ராணுவக் கட்டுமானங்களில் நல்ல கூலி கிடைத்ததால் சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே போனார்கள். கரி போதவில்லை. 1943இல் தடை விலக்கப்பட்டது. நேற்றுவரை பெண்ணின் உடலுக்கும் ஒழுக்கத்துக்கும் ஆகாததாக இருந்த நிலத்தடி, கரி தேவைப்பட்டதும் ஆகக்கூடியதாயிற்று. அகில இந்தியப் பெண்கள் மாநாடு கடுமையாக எதிர்த்தது. அவர்களை எளிதாகப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நிறைமாதக் கர்ப்பிணிகள் கூடை சுமந்தது பொய்யில்லை. ஆனால் எதிர்த்துப் பேசியவர்களின் வீடுகளில் எவருடைய அடுப்பும் அந்தக் கூலியை நம்பி எரியவில்லை. விடுதி அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அடுப்பும் அப்படித்தான்.

அம்பேத்கரின் பதிலும் என்னை முழுதாகத் திருப்திப்படுத்தவில்லை. இது அவசரகாலத்துக்கான தற்காலிக ஏற்பாடு, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்கிறார். பசி கட்டாயப்படுத்தும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அதே உரையில் இன்னொன்றும் சொல்கிறார்: பால் வேறுபாடின்றிச் சம வேலைக்குச் சம கூலி என்ற கொள்கை, தாம் அறிந்தவரை ஒரு தொழிலில் முதன்முறையாக இங்கேதான் நிலைநாட்டப்படுகிறது என்று. குடும்பக் கூலிக்குள் கரைந்துகிடந்த காமினின் உழைப்புக்குத் தனியாக ஒரு விலை உண்டு என்று அரசு அந்த மன்றத்தில் ஒப்புக்கொண்டது. 1946இல் தடை திரும்பியது. நிலத்தடியில் பெற்ற சமகூலி, நிலத்தடியோடு போயிற்று.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பட்டினியில் இருப்பவள் சம்மதிக்கிறாள் என்பதற்காக அவளைக் குழிக்குள் இறக்கலாமா? அந்தச் சம்மதம் சுதந்திரமானதா? முழுச் சுதந்திரமானதல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவளிடம் இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டால் பசி தீராது. பசி அப்படியே இருக்க, வழி மட்டும் போய்விடும். மேலும், பெண் இறங்கக்கூடாத அளவுக்கு ஆபத்தான இடம் என்று சட்டம் சொல்லும்போது, ஆண் இறங்கலாம் என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பெண்களை நிலத்தடிக்கு வெளியே வைத்திருந்தது. 1975 டிசம்பரில் தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களின் மனைவிகள் பாதுகாப்பாக மேலே இருந்தார்கள், விதவைகளாக.

1970களின் தொடக்கத்தில் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் கூலி சமமான காலத்தில் வேலை ஓடிப்போனது. கூடையில் அள்ளிய இடத்தில் இயந்திரங்கள் வந்தன. அவற்றை இயக்கும் பயிற்சி ஆண்களுக்குக் கிடைத்தது. பெண்கள் வேலையை விட்டால் மகனுக்கு அந்த இடம் தரப்படும் என்று பெண்களுக்கென்றே விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வந்தன. எந்தத் தாய் மறுப்பாள்? அது தியாகமாகப் பேசப்பட்டது. நிறுவனக் கணக்கில் ஒரு பெண் குறைந்து ஓர் ஆண் கூடினான். இன்று கோல் இந்தியாவின் பணியாளர்களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. இருப்பவர்களிலும் பலர் கணவன் இறந்தபின் கருணை அடிப்படையில் வந்தவர்கள். அலுவலகம் கூட்டவும் தேநீர் கொண்டுபோகவும் வைக்கப்பட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர்.

2019இல் அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகப் பணிகளில் பெண்கள் பகலில் நிலத்தடிக்குச் செல்லலாம் என்றது. எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், ஒரு ஷிப்டில் மூவருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2021இல் ஜார்க்கண்டின் சூரி சுரங்கத்தில் அகன்ஷா குமாரி என்ற பொறியாளர் பணியேற்றது நாடெங்கும் செய்தியானது. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கதவு திறந்தபோது உள்ளே அழைக்கப்பட்டவள் பட்டம் பெற்றவள். கூடையோடு வெளியேற்றப்பட்டவளின் பேத்திக்கு அந்த அறிவிக்கையில் இடமில்லை. ‘முதல் பெண்’ என்ற தலைப்பைப் படித்தபோது, 1937க்கு முன் இறங்கிய பெண்களை எந்த வரிசையில் எண்ணுவது என்றுதான் யோசித்தேன். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் எல்லா வகை வேலைகளையும் பெண்ணுக்குத் திறக்கிறது. திறந்த கதவுக்கு உள்ளே கூடைக்காரிகளுக்கான வேலை எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பேத்தி ஜரியாவிலேயே இருக்கிறாள். 1916 முதல் நிலத்துக்கடியில் தீ எரியும் ஊர் அது. விடியுமுன் திறந்தவெளிச் சுரங்க விளிம்பில் இறங்கிக் கரி பொறுக்கி, தலைச்சுமையாக ஏற்றி, சுட்டு விற்கிறாள். கால் வைக்கும் இடத்தில் புகை வருகிறது. அதே கரி, அதே கூடை, முன்பைவிட அதிக ஆபத்து. ஊதியப் பட்டியலில் பெயர் இல்லை, பேறுகால விடுப்பு இல்லை. பிடிபட்டால் திருட்டு வழக்கு. பாதுகாப்பு என்ற பெயரில் அவள் பரம்பரையிடமிருந்து கூலி பறிக்கப்பட்டது. ஆபத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அந்த மாணவி அடுத்த பருவத்தில் விடுதியை விட்டுப் போய்விட்டாள். தினமும் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறாள். முதல் பாடவேளையில் அவள் கண்ணயர்வதைப் பார்க்கிறேன். கடைத்தெரு ஆபத்தானது என்று தடுத்தேன். விடியற்காலைப் பேருந்து நிறுத்தத்தை நான் யோசிக்கவில்லை.

அதன்பின் நடந்த விடுதிக் குழுக் கூட்டத்தில் இரண்டு வழிகள் சொன்னேன். மாலை வேலைக்குப் போகும் மாணவிகளை 9.30 வரை அனுமதித்து, கல்லூரி வேன் ஒன்றைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பலாம். அது முடியாதென்றால், அனுமதி மறுக்கப்படும் மாணவியின் உணவுக் கட்டணத்தைக் கல்லூரி ஏற்கலாம். “பிள்ளைங்க நல்லதுக்குத்தானே மேடம் இந்த ரூல்” என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். “சரிங்க சார், நல்லதுக்கே இருக்கட்டும். அதுக்கு ஆகிற செலவு யாரோடது?” என்று கேட்டேன். பரிசீலிக்கலாம் என்று அடுத்த பொருளுக்குப் போனார்கள். கூட்டக் குறிப்பேட்டில் கேள்வி பதிவாகவில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.