அடியார் கூட்டமும் குடியை விடுவோர் கூட்டமும்



எங்கள் பிள்ளையாரின் மகோற்சவத்தில் கொடியேறிய நாள் முதல் தீர்த்தம் வரை ஒரு சொட்டு மதுவும் தொடாத ஒருவர் எம்மிடையே இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு கடையிலே கணக்கெழுதியவர். வருடந்தோறும் லீவெடுத்து ஊருக்கு வந்து, பத்து நாளும் ஒருநேர உணவோடு கோயிலிலேயே கிடப்பார். வைரவர் மடை முடிந்த மறுநாள் தவறணையில் நிற்பார். ஒருமுறை தேரன்றே குடித்துவிட்டு வந்தார். அவருடைய கையிலிருந்த வடத்தை வாங்கிக்கொண்டு அவரை வீதிக்கு வெளியே அனுப்பியவர்களுள் அடியேனும் ஒருவன். கோயிலின் புனிதத்தைக் காத்தோம் என்றே அன்று நினைத்தேன். அதன்பின் அவர் ஊருக்கு வரவில்லை. சில வருடங்களின் பின், ஈரல் பழுதாகிக் கொழும்பிலே காலமானார் என்ற செய்திதான் வந்தது.

கள்ளுண்ணல் பஞ்சமாபாதகங்களுள் ஒன்று என்பதும், திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. எம்மைவிட நன்றாகவே தெரியும். பத்து நாள் முடிந்தவருக்குப் பதினோராம் நாள் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை நாம் யாரும் கேட்கவில்லை.

ஐயப்பனுக்கு மாலையணிந்து 41 நாள் குடியாதிருப்பவர்களையும், கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர் மட்டும் அருந்துபவர்களையும் பாருங்கள். அவர்கள் தனியே இருப்பதில்லை. காலையும் மாலையும் கூடப் பாட ஆளுண்டு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆளுண்டு. மாலையைக் கழற்றும்போது விரதத்தோடு அந்தக் கூட்டமும் கலைந்துபோகிறது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில், ஞானம் பெற்றவர்கூட அடியாரோடு கூடியிருக்க வேண்டும் என்றார். ஞானிக்கே துணை வேண்டுமென்றால் குடிநோயாளிக்கு வேண்டாமா?

1935 ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்பவர், வந்த வியாபாரம் கைகூடாமல் ஒரு ஹோட்டலில் தனியே நின்றார். மதுக்கூடம் அவரை இழுத்தது. அவர் தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த ஊரில் குடியால் அவதிப்படும் ஒருவரோடு பேசவேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித். கால்மணி நேரம் என்று வந்த டொக்டர் பல மணிநேரம் இருந்தார். ஜூன் 10 இன் பின் அவர் இறக்கும்வரை குடிக்கவில்லை. அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் கூட்டம் பிறந்த கதை இது. சேர்வதற்குக் கட்டணமில்லை; முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை; குடியை விடும் விருப்பம் ஒன்றே போதும். இறைவனை அவரவர் விளங்கிக்கொண்டபடி வணங்கலாம் என்பதால் சைவர்கள் தயங்கவும் வேண்டாம். குடும்பத்தவருக்கென அல்-அனொன் என்ற கூட்டமும் 1951 இல் தொடங்கியது.

கொழும்பிலும் இக்கூட்டங்கள் நடக்கின்றன. எங்கே, எப்போது, எந்த மொழியில் என்று முதலில் விசாரியுங்கள். தமிழில் மனம்விட்டுப் பேச முடியாத இடத்தில் எவரும் இரண்டாம் தடவை உட்காரமாட்டார். சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர, கொழும்பு 7 ஹோர்ட்டன் பிளேஸில், குடியால் பாதிக்கப்பட்டவர்க்கும் வீட்டாருக்கும் இலவசமாக, இரகசியம் காத்து ஆலோசனை வழங்குகிறது. வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் அரை நாளில் போய்வரலாம். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கங்களும் உண்டு. அயலவர் காண்பார்களே என்ற கூச்சம் உள்ளவர் வெள்ளவத்தையிலிருந்து வேறு பகுதிக் கூட்டத்துக்குப் போகட்டும். அதில் குற்றமில்லை.

ஒன்றை மறக்கவேண்டாம். நெடுநாள் நாள்தோறும் குடித்தவர் சபதம் எடுத்துத் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலால் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். திருநீறும் மருந்தும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

வீட்டுப் பெண்கள் அடியேனைக் கேட்பதுண்டு, "அவர் வரமாட்டாரே, நாங்கள் என்ன செய்ய?" என்று. திலகவதியாரை நினையுங்கள். சூலைநோயால் துடித்த தம்பி மருணீக்கியார் ஆளனுப்பி அழைத்தபோது அந்த அம்மையார் அங்கே போகவில்லை. திருவதிகையில் இறைவனை வேண்டியபடி இருந்தார். தம்பி தாமாகவே எழுந்து இரவோடிரவாக வந்து காலில் விழுந்தபோது, ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருநீறு கொடுத்தார், விடியற்காலையில் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அந்தத் தம்பியைத்தான் நாம் அப்பர் என்கிறோம். அவருடைய கடனை அடைப்பதும், வேலைத்தலத்துக்குப் பொய்க்காரணம் சொல்வதும் உதவியல்ல. வந்த அன்று கதவு திறந்திருப்பதே உதவி. அதுவரை நீங்கள் குடும்பத்தவர் கூட்டத்துக்குப் போகலாம். அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.

பரிபாலன சபையினரிடம் அடியேனுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. மடத்தின் பின்னறை திருவிழாக் காலம் தவிர வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் ஒருநாள், மாலைப் பூசையின் பின், குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் அங்கே கூடியிருக்க அனுமதி தாருங்கள். பெயர்ப்பலகை வேண்டாம், ஒலிபெருக்கி அறிவித்தல் வேண்டாம். பாய் விரித்து, தேநீர் வைத்து, வாசலில் யார் யார் வருகிறார்கள் என்று எவரும் பார்த்து நில்லாதபடி செய்தால் போதும். தேநீர்ச் செலவை அடியேன் ஏற்கிறேன்.