மொழிப்பற்றும் வாய்மைக் கடனும்: செக் சுவடி வழக்கை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தாழ்வுற்றுக் கிடக்கும் தன் தாய்மொழியின் பெருமையை நிலைநாட்டும் பொருட்டு ஒருவன் பொய்ச்சான்று ஒன்றைப் படைப்பானாயின், அது குற்றமாகுமா, தொண்டாகுமா? மொழிவழி எழுச்சி பெற்ற மக்களினம் ஒவ்வொன்றும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா இது. ஐரோப்பாவின் நடுப்பகுதியிலுள்ள செக் நாட்டில் இவ்வினா கருத்தளவில் நில்லாமல், 19ஆம் நூற்றாண்டு முழுமையும் அறிஞரை இரு கூறாகப் பிரித்த வழக்காகவே நடந்தது. அவ்வழக்கின் இயல்பையும், திருக்குறள் வகுக்கும் வாய்மை நெறிக்கண் அது பெறும் இடத்தையும், தமிழாய்வுக்கு அது உணர்த்தும் கடனையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. தமிழும் தெலுங்கும் ஒன்றோடொன்று கலந்து வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் தமிழாய்வு செய்வோர்க்கு இவ்வினா தொலைநாட்டுச் செய்தியன்று என்பதும் இவண் காட்டப்பெறும்.

சுவடிகள் தோன்றிய சூழல்

1620இல் வெண்மலைப் போரில் பொகீமிய நாட்டார் தோற்றபின், ஆப்சுபர்க்கு ஆட்சியில் செருமானிய மொழி அலுவலிலும் உயர்கல்வியிலும் படிப்படியாக மேலோங்கியது. செக் மொழி பெரும்பாலும் சிற்றூர் மக்களின் வழக்காகச் சுருங்கிற்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறுமலர்ச்சி தொடங்கியபோது, செக் மொழிக்கு இலக்கணமும் இலக்கிய வரலாறும் வரைந்த யோசெப் தோப்ரோவ்சுகி (1753-1829) அவற்றைச் செருமானிய மொழியிலேயே எழுத நேர்ந்தது. அடுத்த தலைமுறையினரான யோசெப் யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாகச் செக்-செருமானியப் பேரகராதியை வெளியிட்டார்.

இச்சூழலில், 1817ஆம் ஆண்டு துவூர் கிராலொவே என்னும் ஊர்த் தேவாலயத்தின் கோபுர அறையில் பழந்தோல் ஏடுகளைக் கண்டெடுத்ததாக வாட்சுலாவ் அங்கா என்பவர் அறிவித்தார். அவற்றில் வீரமும் காதலும் பாடும் பதினான்கு பாடல்கள் இருந்தன. அவை 13ஆம் நூற்றாண்டின என்று கொள்ளப்பட்டன. மறு ஆண்டு, செலெனா ஓரா என்னுமிடத்துக் கோட்டையில் கிடைத்ததாகக் கூறப்பெற்ற இன்னொரு சுவடி, பெயர் குறிப்பிடாத மடலுடன் பிராகு நகருக்கு வந்து சேர்ந்தது. இளவரசி லிபுசெ வழங்கிய தீர்ப்பைப் பாடும் அச்சுவடி முன்னதினும் பல நூற்றாண்டுகள் பழையதெனக் கருதப்பட்டது. செருமானியர்க்கு நிபெலுங்கர் காப்பியம் இருப்பது போல் எமக்கும் உண்டு என்று செக் மக்கள் மகிழ்ந்தனர். பாடல்கள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன; செருமானியப் பெருங்கவிஞர் கெதேயும் அவற்றில் ஈடுபாடு காட்டினார். அங்கா தேசிய அருங்காட்சியகத்தின் நூலகராக வீற்றிருந்தார்.

ஐயுற்றவர் எய்திய பழி

இரண்டாம் சுவடியைப் போலி என்று முதலில் கூறியவர் தோப்ரோவ்சுகியே. 1824இல் அவர் தம் கருத்தை அச்சில் வெளியிட்டபோது, செக் மொழியியலின் தந்தை எனப் போற்றப்பட்டவரே செருமானியர் பக்கம் சாய்ந்தவராகத் தூற்றப்பட்டார். 1858இல் பிராகு நகரச் செருமானிய நாளிதழ் ஒன்று அங்காவை மோசடியாளர் என எழுதியது. அங்கா வழக்குத் தொடுத்து வென்றார். எனினும் நீதிமன்றத் தீர்ப்பால் ஓர் ஏட்டின் காலத்தை முடிவுசெய்ய இயலாதன்றோ?

1886இல் சிக்கல் முற்றியது. மொழியியலறிஞர் யான் கெபவுவர், சுவடிகளின் இலக்கண வடிவங்கள் ஐயத்துக்கிடமில்லாத பழஞ்செக் நூல்களின் வடிவங்களோடு முரண்படுவதை எடுத்துக்காட்டினார். அவர் கட்டுரைக்குத் தம் இதழில் இடமளித்தவர் பிராகு செக் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் தோமாசு மாசரிக். பொய்யின்மேல் நிற்கும் பெருமை ஒரு நாட்டுக்குப் பெருமையாகாது என்பது அவர் நிலைப்பாடு. நாளிதழ்கள் அவரை நாட்டுப் பகைவர் என்றன. முழுநிலைப் பேராசிரியர் பதவி அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் தள்ளிப்போயிற்று. அவரே 1918இல் செக்கோசுலோவாக்கியாவின் முதற் குடியரசுத் தலைவரானார். 1967 முதல் 1971 வரை நிகழ்ந்த தடயவியல் சோதனைகளும் இச்சுவடிகள் பிற்காலத்துப் போலிகள் என்னும் முடிவையே தந்தன.

குறள் என்னும் உரைகல்

அங்காவின் செயலுக்கு ஆதரவாக வலிமையான வாதம் ஒன்று உண்டு. அச்சுவடிகள் ஒரு தலைமுறைக்குத் தன்னம்பிக்கை அளித்தன. இசையறிஞர் சுமெதனா இயற்றிய 'லிபுசெ' இசைநாடகத்துக்கு இரண்டாம் சுவடியும் தூண்டுதலாயிற்று. 1881இல் செக் தேசிய அரங்கம் அந்நாடகத்துடனேயே திறந்துவைக்கப்பட்டது. பொய்யான வித்திலிருந்து மெய்யான கலை விளைந்தது எனின், வித்தைப் பழித்தல் முறையா?

தமிழ் கற்றோர்க்கு இவ்விடத்து வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள் நினைவுக்கு வருதல் இயல்பே. குற்றம் நீங்கிய நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்கிறார் வள்ளுவர். கேட்டையோ சாக்காட்டையோ எய்தவிருந்த உயிர் ஒன்று அப்பொய்யால் உய்வதையே அந்நன்மையாகப் பரிமேலழகர் விளக்குகின்றார். சாகும் நிலையிலிருந்தது ஒரு மொழி. அதனை உய்வித்தது அங்காவின் பொய். ஆகவே அது வாய்மையின் இடத்தது என வாதிடலாமன்றோ? இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளல் ஆகாது. எனினும் மூன்று காரணங்களால் இது நிற்பதில்லை.

முதலாவது, செக் மொழியை உய்வித்தவை அச்சுவடிகள்தாமா என்பது. அகராதியும் இலக்கணமும் பள்ளிகளும் செய்தித்தாள்களும் அம்மொழியை வளர்த்தன. தேசிய அரங்கம் மக்கள் திரட்டிய நன்கொடையால் எழுந்தது. அது தீக்கிரையான பின்னரும் அவர்களே மீண்டும் பொருள் திரட்டி 1883இல் அதனைத் திறந்தனர். ஏடுகள் போலியென்று துணியப்பட்ட பின்னும் மொழி தளரவில்லை. ஊன்றுகோலை எடுத்த பின்னும் ஒருவன் முன்போலவே நடக்கின்றான் எனின், அவனைத் தாங்கியவை அவன் கால்களே.

இரண்டாவது, பொய்யின் நீட்சி. கொலைஞனிடமிருந்து ஒருவனைக் காக்கச் சொல்லும் பொய் அந்நாழிகையோடு முடிந்துவிடுகின்றது. போலிச் சுவடியோ முடிவதில்லை. அதனைக் காக்க மறுதலைமுறையும் பொய் கூறவேண்டும். ஐயுறுவோரைத் தூற்ற வேண்டும். தோப்ரோவ்சுகியும் மாசரிக்கும் எய்திய பழி அப்பொய்யின் விலையாகும். அறிந்தோரைப் பகைவராக்கிப் பெறும் நன்மை குற்றம் நீங்கிய நன்மையாதல் யாங்ஙனம்?

மூன்றாவது, மக்களைப் பற்றிய மதிப்பீடு. தன் மக்கள் உள்ளதை உள்ளவாறு அறிந்தால் மொழியைக் கைவிட்டுவிடுவர் என அஞ்சுபவனே அவர்க்குப் பொய்ப்பெருமை வழங்குகின்றான். மொழிப்பற்றென்று தோன்றும் அதனுள் மக்களைப் பற்றிய தாழ்ந்த எண்ணம் மறைந்திருக்கின்றது. மக்களை மதிப்பவன் அவர்களிடம் உண்மையை ஒப்படைப்பான்.

வேங்கடச் சூழல்

இவ்வழக்கை வேங்கடத்தில் நின்று நோக்குங்கால் ஓர் ஒப்புமை புலனாகின்றது. திருமலைக் கோயிலினுள் சங்கீர்த்தன பண்டாரம் எனப்பெறும் அறையில் பன்னூற்றாண்டு மூடிக்கிடந்த செப்பேடுகள் 1920களில் வெளிவந்தன. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) முதலியோர் பாடிய தெலுங்குக் கீர்த்தனைகள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, அவற்றிற் காணப்பட்டன. தேவாலய அறையிற் கிடைத்த ஏடுகள், கோயில் அறையிற் கிடைத்த செப்பேடுகள் என இருவகைக் கண்டெடுப்பும் கதையளவில் ஒன்றே. வேறுபடுத்துவது சான்றே. தாளப்பாக்கக் குடும்பத்தார் கோயிலுக்களித்த கொடைகளைத் திருமலைக் கல்வெட்டுகளே தனித்து உரைக்கின்றன. செப்பேடுகள் அறிஞர் பலர் முன் வைக்கப்பட்டு ஆராயப்பட்டன. கண்டெடுத்தவரின் சொல்லொன்றையே அவை சார்ந்து நிற்கவில்லை.

அத்திருமலைக் கல்வெட்டுகளுட் பெரும்பான்மையன தமிழில் அமைந்தவை. தேவத்தானம் அவற்றை 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. இவ்விரு செய்திகளையும் ஒருங்கு கூறுவதே நேர்மை. தமிழாசிரியர் கல்வெட்டை மட்டும் கூறிச் செப்பேட்டை விடுதலும், தெலுங்காசிரியர் செப்பேட்டை மட்டும் கூறிக் கல்வெட்டை விடுதலும் போலி புனைதல் அல்ல. ஆயினும் கேட்போர் உள்ளத்தில் அவை விளைப்பது போலியை ஒத்ததே. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது, வேங்கடத்தை வட எல்லையாகக் கூறும் தொல்காப்பியப் பாயிரம் எல்லை வாதத்தில் எடுத்தாளப்பட்டது. 1960 ஏப்பிரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. பாயிரம் மொழி வழங்கும் நிலப்பரப்பைச் சுட்டுகின்றது. நில அளவையர் நட்ட கல்லை அது சுட்டவில்லை. பழம்பாடலை அதன் பொருளளவிற் கொள்ளுதலும் வாய்மையின் ஒரு கூறே.

தமிழ் 2004இலும் தெலுங்கு 2008இலும் செம்மொழித் தகுதி பெற்றன. தொன்மை அத்தகுதிக்குரிய அளவுகோல்களுள் ஒன்று. தொன்மைக்குப் பயன் ஏற்படுங்கால் அதனை மிகுத்துரைக்கும் ஆசையும் மிகும். ஆதலின் இன்றைய ஆய்வாளர்க்கு அங்காவின் வரலாறு முன்னினும் தேவைப்படுகின்றது.

ஐயுறுவோர்க்கும் கடன் உண்டு

ஐயுறுவோர் யாவரும் மாசரிக் ஆகிவிடுவரோ எனின், ஆகார். இங்கு எஸ். வையாபுரிப் பிள்ளையின் (1891-1956) வரலாறு கருதத்தக்கது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக அவர் ஆற்றிய பணி யுங்மனின் பணிக்கு இணையானது. அவர் தொல்காப்பியத்தைக் கி.பி. 5ஆம் நூற்றாண்டுக்கும் சிலப்பதிகாரத்தை 8ஆம் நூற்றாண்டளவிற்கும் கொண்டுசென்றமையால் தமிழ்ப் பகைவர் எனப் பழிக்கப்பட்டார். அவர் கூறிய காலங்களைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. அவ்வகையில் அவர் நிலை மாசரிக்கின் நிலையினின்று வேறானது: மாசரிக்கின் முடிவு பின்னர் உறுதிப்பட்டது; வையாபுரிப் பிள்ளையின் முடிவுகள் பல மறுக்கப்பட்டன.

இவ்வேறுபாடே நம் வினாவுக்குத் தெளிவு தருகின்றது. ஆய்வாளரின் வாய்மை அவர் முடிவு சரியாதலில் அடங்கவில்லை. தம் சான்றுகளைப் பிறர் சோதிக்குமாறு வெளிப்பட வைத்தலில் அடங்கியுள்ளது. அங்கா இதைச் செய்யவில்லை; வையாபுரிப் பிள்ளை செய்தார். எனவேதான் அவரை மறுக்கவும் இயன்றது. அவரைச் சான்றுகொண்டு மறுத்தவர்கள் தமிழுக்குத் தொண்டு செய்தனர். வசைகொண்டு மறுத்தவர்கள் எதையும் நிறுவவில்லை. புகலூர்க் கல்வெட்டிற் காணும் சேர மன்னர் மூவரைப் பதிற்றுப்பத்தின் மன்னரோடு 1965இல் பொருத்திக் காட்டிய ஐராவதம் மகாதேவனின் ஆய்வு, பாட்டும் கல்லும் ஒன்றையொன்று தாங்கும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. சங்க இலக்கியத்தின் தொன்மைக்கு அத்தகைய ஒரு பொருத்தம் தரும் வலிமையை முச்சங்கம் 9,990 ஆண்டுகள் நின்றன என்னும் இறையனார் களவியலுரைச் செய்தி தரமாட்டாது.

அவ்வுரைச் செய்தியை இகழாமலும் அப்படியே ஏற்காமலும் ஆராய்ந்து 1973இல் கட்டுரை வெளியிட்டவர் பிராகு நகரில் பிறந்த கமில் சுவலபில் (1927-2009) என்பது நினையத்தக்கது. சிலப்பதிகாரத்தைச் செக் மொழியிற் பெயர்த்த அவர், 1968 ஆகத்தில் சோவியத் கூட்டணிப் படைகள் தம் நாட்டுட் புகுந்த பின்னர் நாடு நீங்கிச் சிக்காகோவிலும் நெதர்லாந்திலும் தமிழாய்வைத் தொடர்ந்தார்.

அவர் நீங்கிய நாட்டில் பொய்யின் வடிவம் மாறியிருந்தது. வாட்சுலாவ் ஆவெல் 1978இல் எழுதிய கட்டுரையில், தான் நம்பாத அரசியல் முழக்கத்தைத் தன் கடையில் மாட்டிவைக்கும் காய்கறி வணிகன் ஒருவனைக் காட்டுகின்றார். அவன் எவரையும் ஏமாற்ற எண்ணுவதில்லை. தொல்லையின்றி வாழவே விழைகின்றான். எனினும் அவனைப் போன்றோர் வாளாவிருத்தலாலேயே பொய் ஆள்கின்றது. தன் நெஞ்சறிந்ததைப் பொய்யற்க என வள்ளுவர் அடுத்த குறளிற் கூறுவது இவ்வணிகனுக்கும் பொருந்தும். மேடையிற் கூறப்படும் மிகையுரையை மிகை என அறிந்தும் கைதட்டி எழுந்துவரும் கற்றோர்க்கும் அது பொருந்தும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மொழியின் பொருட்டுப் படைக்கப்படும் பொய்ச்சான்று குற்றம் நீங்கிய நன்மையைத் தரமாட்டாது என்பதும், ஐயுறுதல் மொழிப்பகை ஆகாது என்பதும், ஐயுறுவோரும் தம் சான்றைச் சோதனைக்கு உட்படுத்தக் கடமைப்பட்டவர் என்பதும் பெறப்பட்டன. செக் குடியரசுத் தலைவரின் கொடியில் 'வாய்மை வெல்லும்' எனும் பொருள்படும் தொடர் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டரசின் சின்னத்திலுள்ள தொடரும் 'வாய்மையே வெல்லும்' என்பதே. வாய்மை தானாக வெல்லுவதில்லை என்பதற்கு, தோப்ரோவ்சுகியின் ஐயத்துக்கும் கெபவுவரின் நிறுவலுக்கும் இடையே கழிந்த அறுபதாண்டுகள் சான்று. அவ்விடைவெளியைக் குறைப்பது, பழிக்கு அஞ்சாது தம் மொழியின் சான்றுகளைத் தாமே முதலிற் சோதிக்கும் ஆய்வாளரின் கையில் உள்ளது.