வினையூக்கி குயவனா, சக்கரமா?

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, அறிவியல் துறைகளை வகைப்படுத்தி 1888இல் ‘நூற்றொகை விளக்கம்’ எழுதினார். சைவ சித்தாந்தத்தில் தோய்ந்த அவருக்கு அறிவியல் அயலானதாகப் படவில்லை. அந்த வழியில் நின்று ஒன்றைக் கேட்கலாம். குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்கிறது சித்தாந்தம். இவற்றில் வேதியியலின் வினையூக்கி எது? தான் மாறாமல் பிறவற்றை மாற்றுவதாகச் சொல்லப்படுவதால், அதை இறைவனுக்கு உவமையாக்கத் தோன்றும். அந்த உவமை பிழையானது.

ஸ்டைரீனோடு டிரைகுளோரோசிலேனைச் சேர்த்துப் பிளாட்டினத்தை வினையூக்கியாக வைத்தால், சிலிக்கான் பெரும்பாலும் கடைசிக் கார்பனில் போய் இணைகிறது. பாஸ்பீனோடு கூடிய பல்லேடியத்தை வைத்தாலோ பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் இணைகிறது. முதற்பொருள் ஒன்றுதான், துணை மாறியதும் விளைவு மாறுகிறது. பிளாட்டினம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதும் இல்லை. வேதியியலாளர்கள் சாக், ஹாரட் இருவரும் 1965இல் முன்வைத்த விளக்கப்படி, சிலிக்கான்–ஹைட்ரஜன் பிணைப்பு உடைந்து இரண்டும் உலோகத்தின் மேல் ஏறுகின்றன; ஆல்கீனான ஸ்டைரீனும் வந்து பற்றுகிறது; விளைபொருள் விலகிய பிறகே உலோகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சில வேளை அது துகளாகத் திரண்டு கறுத்து, வீரியம் இழந்தும் போகிறது. மாறி மாறித் தேயும் இப்பொருள் சக்கரமே, குயவன் அல்ல.

“அறிவற்ற உலோகமே தேர்ந்தெடுக்கும்போது அறிவுள்ள நிமித்தம் எதற்கு?” என்று கேட்கலாம். உலோகம் எதையும் தேர்வதில்லை. தடை குறைந்த வழியில் வினை விரைகிறது, அவ்வளவே. எந்த உலோகத்தை இடுவது என்பதில்தான் தேர்வு இருக்கிறது. தேர்வு நிமித்தத்திடமே இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று 2016இல் கிடைத்தது. சிலிக்கான்–கார்பன் பிணைப்பை உண்டாக்கும் உயிர் எதுவும் இயற்கையில் அறியப்படவில்லை. ஆனால் ஐஸ்லாந்து வெந்நீரூற்றில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவின் சைட்டோகுரோம் புரதம், உரிய பொருள்களைக் கொடுத்ததும் அந்தப் பிணைப்பை உண்டாக்கியது. எலக்ட்ரான் கடத்துவதே அதன் வழக்கமான வேலை. வேதியியலாளர் பிரான்சிஸ் ஆர்னால்டு குழுவினர் அதில் மூன்று அமினோ அமிலங்களை மாற்றியதும் திறன் பன்மடங்கு கூடியது. காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்ற சற்காரியவாதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு நான் அறியேன். இங்கே நிமித்தமாக நின்றவர்கள் மனிதர்களே. ஆகவே இச்சோதனை கடவுளை நிறுவவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிலிக்கான் எந்தக் கார்பனில் இணைகிறது என்பதற்கு வேதியியலின் விடை போதும். அப்படி இணையும் ஆற்றல் பொருளுக்கு ஏன் வாய்த்தது என்பதே சித்தாந்தி கேட்கவேண்டிய கேள்வி.