ஒப்புரவும் வரியும்

சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தலே அறவாழ்வு என்பர் பெரியோர். அப்படியாயின், "செல்வந்தரிடம் கூடுதலான வரி அறவிட வேண்டும்" என்று கேட்கும் செல்வந்தர், அந்தப் பணத்தைத் தாமாகவே முன்வந்து கட்டாதிருப்பது போலித்தனம் ஆகுமா?

அமெரிக்காவின் பெருஞ்செல்வர் வொரன் பஃபெற் 2011 ஓகஸ்ட் மாதம் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். முந்திய ஆண்டில் தாம் வரிக்குரிய வருமானத்தில் 17.4 சதவீதத்தையே வரியாகச் செலுத்தியதாகவும், தமது அலுவலகத்தின் ஏனைய 20 பேரும் 33 முதல் 41 சதவீதம் வரை செலுத்தியதாகவும் கூறி, தம்மைப் போன்றோரின் வரியைக் கூட்டுமாறு கேட்டார். "அப்படியானால் நீரே ஒரு காசோலையை எழுதிக் கொடும்" என்று சிலர் ஏளனம் செய்தனர். விரும்பிக் கொடுப்போரின் பணத்தை அமெரிக்கத் திறைசேரி ஏற்பதும் உண்மையே.

ஆயினும் இந்த ஏளனம் இருவேறு அறங்களை ஒன்றாகக் குழப்புகின்றது. திருவள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். ஈகை ஒருவரின் இரக்கத்தில் பிறப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து நின்று செய்யும் கடமை. வரி இதனைச் சார்ந்தது. ஆலயத் திருப்பணிக்கு வசதியுள்ள குடும்பங்கள் கூடிய பங்கு தரவேண்டும் என்று வசதியுள்ள ஒருவரே பொதுக்கூட்டத்தில் சொன்னால், "முழுவதையும் நீரே தாரும்" என்பது தக்க மறுமொழி ஆகாது. விதி வந்தபின் தம் பங்கை ஒளிப்பாராயின், அப்போதே அவர் போலி.

எனினும் இன்னொரு பக்கமும் உண்டு. 2014 முதல் 2018 வரை பஃபெற்றின் செல்வம் ஏறத்தாழ 2,430 கோடி டொலரால் பெருகியது. அவர் செலுத்திய வருமானவரியோ ஏறத்தாழ 2.37 கோடி டொலர் என 2021 இல் வெளியானது. விற்காத பங்குகளின் பெறுமதி ஏற்றத்தை அந்நாட்டுச் சட்டம் வருமானமாகக் கொள்வதில்லை. ஆகவே இதிற் களவு இல்லை. ஆனால் 2011 இல் அவர் கேட்ட வருமானவரி உயர்வு, அவரது செல்வத்தின் பெரும்பகுதியைத் தீண்டியிருக்காது.

எனவே, "தாமாகக் கொடுத்தாரா?" என்பது சரியான உரைகல் அன்று. "அவர் கேட்கும் விதி அவரையே உண்மையாகத் தொடுகின்றதா?" என்பதே உரைகல். பிறர் குறையைக் காட்டித் தம் பங்கைத் தவிர்ப்போருக்கும் இவ்வுரைகல் பொருந்தும்.

ஊருக்குரிய கடனை மனமுவந்து செலுத்தும் பண்பினை எல்லோருக்கும் எம்பெருமான் அருள்வாராக.